சோறு உண்டாயா?

நம் நாட்டில் ஒருவர் வீட்டு வாயிலில் மற்றொருவர் வந்து நின்றால் முதலில் எழும் வினா "சாப்பிட்டாயா?" என்பதே. நோயாளியைக் காண வந்தவரிடமும், துக்க வீட்டிலிருந்து திரும்பியவரிடமும், பாகப்பிரிவினை பேச வந்த பங்காளியிடமும் இவ்வினாவே முதலில் கேட்கப்படுகிறது. பசியை அறிந்துகொள்வதற்காக மட்டும் இதைக் கேட்பதில்லை. "உன்மீது எனக்கு அக்கறை உண்டு" என்று நேரே சொல்லக் கூசும் நம் மக்கள், அந்த அக்கறையைச் சோற்றின்மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வழக்கம் தமிழருக்கே உரியது என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால் தாய்லாந்து மக்களும் ஒருவரையொருவர் காணும்போது "கின் காவ் ரூ யாங்?" என்று கேட்கிறார்கள். "கின்" என்றால் உண். "காவ்" என்றால் சோறு. "சோறு உண்டாயா, இன்னும் இல்லையா?" என்பது அதன் பொருள். எதை உண்டாலும் அதற்குச் சோறு உண்பது என்றே பெயர் வைத்திருக்கும் மக்கள் அவர்களும்தாம்.

இதனை நாம் கற்றுக்கொண்ட இடம் தாய்லாந்து அன்று; அமெரிக்க ஐக்கிய நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். 2023ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரத்துப் பங்கு ஒன்றில், விடுப்பில் சென்ற குருவுக்குப் பதிலாகப் பணியாற்றும்படி நம் ஆயர் நம்மை மூன்று திங்களுக்கு அனுப்பிவைத்தார். பங்கு இல்லத்தில் சமையற்காரர் வாரத்தில் நான்கு நாள் மட்டுமே வருவார். எஞ்சிய நாள்களில் வெளியே உண்ணவேண்டிய நிலை. நடந்து செல்லும் தொலைவில் ஒரு சிறிய தாய்லாந்து உணவகம் இருந்தது. எட்டு மேசைகள், ஒரு கல்லாப் பெட்டி, அதன் பின்னே ஆவி பறக்கும் அடுக்களை, அவ்வளவே. உரிமையாளர் ஐம்பது வயது கடந்த ஓர் அம்மையார். சமைப்பவரும் அவர், கணக்குப் பார்ப்பவரும் அவர்.

அந்நகரத்தில் தாய்லாந்து மக்களுக்கென ஒரு பகுதியே உண்டு. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி ஆசிய நாட்டவருக்குக் கதவைத் திறந்தபின், மாணவராகவும் செவிலியராகவும் தொழிலாளராகவும் பலர் அங்கு வந்தனர். 1972இல் அவர்களுக்கென ஒரு மளிகைக் கடை தோன்றியது. ஊர்ச் சுவைக்கு உரிய பொருள்கள் கிடைக்கத் தொடங்கியதும் உணவகங்கள் பெருகின. 1999 அக்டோபரில் நகர மன்றம் ஹாலிவுட் பெருஞ்சாலையின் ஒரு பகுதிக்குத் "தாய் டவுன்" என்று முறைப்படி பெயர் சூட்டியது. அதன் எல்லையில் பாதி மங்கையும் பாதி சிங்கமுமான பொன்னிற உருவங்கள் நின்று வருவோரை வரவேற்கின்றன. திரைப்படத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற ஒரு தெருவில் அவ்வேழை மக்கள் தங்களுக்கென ஓர் இடத்தைப் பெற்றது சோற்றினால் என்றே சொல்லவேண்டும்.

அவர்கள் உண்ணும் முறையைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. மேலைநாட்டு உணவகத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தட்டு. என் தட்டில் இருப்பது என்னுடையது, உன் தட்டில் இருப்பது உன்னுடையது. தாய்லாந்து மேசையில் ஒவ்வொருவர் முன்பும் இருப்பது சோறு மட்டுமே. குழம்பு, சாறு, பொரியல், மீன் எல்லாம் நடுவில் வைக்கப்படும். அவை அனைவருக்கும் பொது. ஒருவர் தம் தட்டில் எல்லாவற்றையும் ஒரே வேளையில் குவித்துக்கொள்வது அங்கு நாகரிகம் ஆகாது. ஓரிரு கரண்டி எடுத்து உண்டபின் மீண்டும் எடுக்கவேண்டும். ஆகவே, மற்றவர் எவ்வளவு எடுத்தார், யாருக்கு இன்னும் எட்டவில்லை என்று ஒவ்வொருவரும் பார்த்தே தீரவேண்டும். கத்தி அந்த மேசைக்கு வருவதில்லை. வெட்டவேண்டியவை எல்லாம் அடுக்களையிலேயே வெட்டப்பட்டுவிடும். இடக்கையிலுள்ள முள்கரண்டியால் சோற்றைத் தள்ளி, வலக்கையிலுள்ள கரண்டியில் ஏற்றி உண்பார்கள். சீனரைப் போல் குச்சிகளால் உண்பார்கள் என்று நினைப்போர் உண்டு. குச்சிகள் பெரும்பாலும் நூலுணவுக்கு மட்டுமே.

சுவையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு, காரம் என்னும் நான்கும் ஒன்றையொன்று அடக்கி நிற்கவேண்டும். நூலுணவு உண்போர் மேசையில் நான்கு சிறு கிண்ணங்கள் வைப்பார்கள். மீன் நீரில் ஊறிய மிளகாய், காடியில் ஊறிய மிளகாய், மிளகாய்த்தூள், சர்க்கரை ஆகியவை அவற்றில் இருக்கும். சமைத்தவர் தம் அளவில் நிறைவு செய்து தருவார்; உண்பவர் தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வார். திருத்துவதைச் சமைத்தவர் குறையாக எண்ணுவதில்லை.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பங்கில் நம் குமரிக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவர் பொறியாளர், மனைவி மருத்துவமனையில் செவிலியர், பள்ளியில் பயிலும் மக்கள் இருவர். கணவனை இழந்த மூதாட்டியான தம் தாயையும் மகன் அவ்வாண்டுத் தொடக்கத்தில் அழைத்து வந்திருந்தார். அன்புக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் மருமகளுக்கு மாறி மாறி இரவுப் பணி. மகன் திரும்புவதற்கு இரவு எட்டாகும். பிள்ளைகளுக்கு மாலையில் விளையாட்டுப் பயிற்சி. குளிர்ப்பெட்டியில் உணவு நிறைந்திருக்கும். அவரவர் வந்த நேரத்தில் எடுத்துச் சூடாக்கி, அவரவர் அறைக்குக் கொண்டுசென்று உண்பார்கள். மூதாட்டியும் தனியே உண்டார். நாளடைவில் உண்பதைக் குறைத்தார். ஐந்து திங்களில் அவருடைய சட்டைகளெல்லாம் தொளதொளத்துப் போயின. மருத்துவர் எல்லாச் சோதனைகளும் செய்து, நோய் ஒன்றுமில்லை என்றார்.

மகன் ஒருநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, அம்மாவை ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. தனியே விட முடியாது. நாகர்கோவில் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் கேட்டிருக்கிறேன். இங்கே இருந்தால் என் கண்முன்னே கரைந்துபோவார்கள். அங்கே அனுப்பினால் என்னை ஊர் என்ன சொல்லும்?" என்றார். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அறிவுரை கூறும் அளவுக்கு நமக்கு எதுவும் தெளிவாகவில்லை. "வருகிற ஞாயிறு எல்லோருமாக வாருங்கள், அருகே ஒரு தாய்லாந்துக் கடை இருக்கிறது, சேர்ந்து உண்போம்" என்று மட்டும் சொன்னோம்.

ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் ஆறு பேரும் சென்றோம். வழியில் மூதாட்டி, "தாய் கடையா? எந்தத் தாய் சமைக்கிறா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு நினைத்துப் பார்க்கையில் அது சிரிப்பதற்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை.

உணவு வந்ததும் மூதாட்டி சிலுவை அடையாளம் வரைந்து செபித்தார். சோற்றுத் தட்டை ஏந்தி வந்த உரிமையாளர், செபம் முடியும்வரை தட்டைக் கையில் பிடித்தபடியே அசையாது நின்றார். பின்னர் இறால் இட்ட "தொம் யாம்" என்னும் சாறு வந்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தச் சாற்றை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுப் பட்டியலிட்டது. அன்று அந்த மூதாட்டிக்கு அது வெறும் ரசமாகத் தோன்றியிருக்கவேண்டும். ஒரு கரண்டி வாயில் இட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி, இதுல அரத்தை கிடக்கு."

உண்மைதான். எலுமிச்சம்புல்லும், நாரத்தை இலைபோல் மணக்கும் ஒருவகை எலுமிச்சை இலையும், நாம் மருந்தென்று அறிந்திருக்கும் பேரரத்தையும் சேர்ந்தே அச்சாற்றுக்கு மணத்தைத் தருகின்றன. இருமலுக்கு அரத்தைக் கஷாயம் காய்ச்சிப் பழகிய கை அதை உடனே கண்டுகொண்டது. அடுத்து, மேசையிலிருந்த மீன் நீர்க் குப்பியைத் திறந்து முகர்ந்தார். "நெத்திலியும் உப்பும்" என்றார். கடற்கரையில் பிறந்து, மணலில் மீன் உணத்தி வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. சிறு மீனை உப்பிலிட்டு ஓராண்டோ அதற்கு மேலோ மூடிவைத்து, ஊறி வடியும் தெளிநீரைத்தான் அம்மக்கள் உப்புக்குப் பதிலாகக் குழம்பில் விடுகிறார்கள். கூனி இறாலை உப்பிட்டு அரைத்துப் பதப்படுத்திய விழுதும் அவர்கள் சமையலில் இன்றியமையாதது. அன்று மூதாட்டி இரண்டு முறை சோறு வாங்கி உண்டார். மருமகள் மீனின் நடுத்துண்டை எடுத்து மாமியாரின் தட்டில் வைத்தார். நடுவிலிருக்கும் தட்டிலிருந்து பிறருக்கு எடுத்து வைக்கும் வாய்ப்பை அந்த மேசைதான் அவருக்குத் தந்தது.

இரண்டு நாள் கழித்து மூதாட்டி, "அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போவோமா, சாமி?" என்று கேட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்துச் சென்றோம். உச்சி வேளைக் கூட்டம் ஓய்ந்து, மாலைக் கூட்டம் தொடங்காத நேரம். வாடிக்கையாளர் எவருமில்லை. உரிமையாளரும், பாத்திரம் துலக்குபவரும், சமையல் உதவியாளர் இருவரும், பள்ளியிலிருந்து திரும்பிய அவர் பேரனும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். நடுவே மூங்கில் கூடைகளில் பசையரிசிச் சோறு. ஆவியில் வெந்த அச்சோற்றைக் கையால் சிறு உருண்டையாகப் பிடித்து, துவையலில் தோய்த்து உண்டார்கள். உரிமையாளர் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர். அப்பகுதியில் அன்றாட உணவு பசையரிசிச் சோறு. அதை உண்பதற்குக் கருவி கைவிரல்.

மூதாட்டி அவர்களுடைய விரல்களையே பார்த்தார். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளின் தோழர் வரும்போது, பாட்டி கையால் உண்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கூசினார்கள் என்பதும், அதன்பின் அவர் கரண்டியால் உண்ணப் பழகி, அதில் சோறு ஏறாமல் பாதியில் எழுந்துவிடுவார் என்பதும் அப்போதுதான் அவர் வாய்மொழியாக நமக்குத் தெரியவந்தது. உரிமையாளர் எழுந்துவந்து, "கின் காவ் ரூ யாங்?" என்று கேட்டார். பொருளை நமக்கு ஆங்கிலத்தில் விளக்கியவர் பேரன். நாம் தமிழில் சொன்னோம். மூதாட்டி கைகழுவிவிட்டு அம்மேசையில் சென்று அமர்ந்தார். அந்நாட்டுக்கு வந்தபின் பிறர் நடுவில் அவர் கையால் உண்டது அதுவே முதல்முறை.

அதன்பின் இருவரும் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்கள். மண் உரலும் மர உலக்கையும் கொண்டு பப்பாளிக்காய்க் கலவை இடிக்கும் முறையை உரிமையாளர் காட்டினார். பூண்டு, பச்சைமிளகாய், பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் நீர், சீவிய பப்பாளிக்காய் என ஒவ்வொன்றாக விழுந்தன. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பனைவெல்லத்தை நாவில் வைத்த மூதாட்டி "கருப்பட்டிக்குத் தம்பி" என்றார். உரலுக்குள் கரண்டியால் புரட்டிவிட்டுக்கொண்டே இடிக்கவேண்டும். உரிமையாளர் இடிக்க, மூதாட்டி புரட்டினார்.

வியப்பு என்னவென்றால், அவ்வுரலில் விழுந்த மிளகாயும் பப்பாளியும் தாய்லாந்துக்கும் சொந்தமல்ல, நமக்கும் சொந்தமல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் அதே ஆண்டில் சயாம் நாட்டு அயுத்தியா அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். நம் முத்துக்குளித்துறை மக்களிடையே அவர்கள் வந்து சேர்ந்த காலமும் அந்நூற்றாண்டே. நம் முன்னோர் மிளகால் காரம் கண்டதுபோல் சயாம் மக்களும் மிளகால் காரம் கண்டவர்களே. கடல் கடந்து வந்த மிளகாய் இருவர் அடுக்களையிலும் புகுந்து, பிறந்த வீடுபோல் அமர்ந்துவிட்டது. வந்தேறியை உறவாக்கிக்கொள்ளும் ஆற்றல் அடுக்களைக்கு உண்டு.

கிளம்பும்போது உரிமையாளர் ஒரு சிறு பொதி தந்தார். பொன்னிழைகள் போன்ற "போய் தோங்" என்னும் முட்டை இனிப்பு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் திருச்சபைக் குடும்பத்தோடு தொடர்புடையது. 17ஆம் நூற்றாண்டில் அயுத்தியாவில் வாழ்ந்த மரியா கியோமார் என்னும் கத்தோலிக்கப் பெண்மணி, ஜப்பானிய, போர்த்துக்கீச, வங்காள முன்னோர்களின் வழிவந்தவர். நாராய் மன்னரின் அமைச்சராய் உயர்ந்த ஃபால்கன் என்னும் கிரேக்கரின் மனைவி. 1688இல் அரசு கவிழ்ந்தபோது கணவர் கொல்லப்பட்டார். மரியா எல்லாவற்றையும் இழந்தார். பின்னர் அரண்மனை அடுக்களையில் பணிசெய்யும் நிலைக்கு வந்தார். போர்த்துக்கீச முறை முட்டை இனிப்புகளைச் சயாமுக்கு வழங்கியவர் அவரே என்பது அந்நாட்டு மரபு. மாளிகையில் வாழ்ந்தவரை அடுக்களைக்குத் தள்ளினார்கள். இன்று தாய்லாந்துத் திருமணங்களில் மங்கலப் பொருளாய் வைக்கப்படுவது அவர் பெயரோடு இணைந்த அந்த இனிப்பு.

பணியாளர் எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தி, தாமும் உடன் உண்ணும் வழக்கம் ஏன் என்று உரிமையாளரிடம் ஒருநாள் கேட்டோம். தாம் அந்நாட்டுக்கு வந்த புதிதில் வேலைசெய்த அடுக்களையில் பணியாளர் நின்றுகொண்டே உண்ணவேண்டும் என்றும், அதுவும் பத்து நிமிடம் மட்டுமே என்றும் சொன்னார். பின்னர் எல் மாண்டே என்ற ஊரின் பெயரைச் சொன்னார். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1995 ஆகஸ்டு 2ஆம் நாள், முள்வேலியிட்ட குடியிருப்பு ஒன்றிலிருந்து 72 தாய்லாந்துத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நல்ல வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, அங்காடிகளுக்கு ஆடை தைத்தவர்கள். சிலர் ஏழாண்டு வரை வெளியே வரவில்லை. மனிதரை விற்று வாங்கும் கொடுமைக்கு எதிராக 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. "மலிவாய்க் கிடைக்கிறது என்று மகிழ்கிறோம், அந்த மலிவை வேறொருவர் கொடுத்திருப்பார்" என்பது அவர் சொன்னதன் கருத்து. மறையுரை மேடையில் நாம் ஒரு மணி நேரம் சொல்லவேண்டியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவருக்கும் ஒரு துயரம் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் நாடுகளின் எல்லைகள் அடைபட்டிருந்த காலத்தில் ஊரில் அவருடைய தாய் இறந்தார். செல்ல முடியவில்லை. தொலைபேசித் திரையில் ஈமச் சடங்கைப் பார்த்தாராம். நம் மூதாட்டிக்குச் சோறு இடும்போதெல்லாம் அவர் முகத்தில் தோன்றிய கனிவின் காரணம் அன்று விளங்கிற்று.

இதற்குப்பின் மூதாட்டி ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டு, மகனோடு இன்புற்று வாழ்ந்தார் என்று முடித்தால் கதை அழகாகத்தான் இருக்கும். நடந்தது அதுவன்று. உணவு செல்லத் தொடங்கியதும் உடல் தேறியது. உடல் தேறியதும் வாய் திறந்தது. ஒருநாள் மகனிடம் தெளிவாகச் சொன்னார்: "எனக்குக் கடல் வேணும், மக்களே. ஆனா இல்லத்துக்கு அனுப்பாதே. என் தங்கச்சி அங்க ஒத்தையில கிடக்கா. அவளும் நானும் ஒரு அடுப்புல பொங்கிக்கிடுவோம்." இத்தனை திங்களாய் மகன் கேட்காமலிருந்ததும், தாய் சொல்லாமலிருந்ததும் இதுதான். பட்டினி கிடப்பவர் தம் விருப்பத்தைச் சொல்லும் வலிமையையும் இழந்துவிடுகிறார். சுற்றியிருப்போர் அவருக்கு எது நல்லது என்று தாமே முடிவுசெய்யத் தொடங்குகிறார்கள்.

அவ்வாண்டு இறுதியில் மூதாட்டி ஊர் வந்து சேர்ந்தார். சகோதரியர் இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களைக் காணச் சென்றபோது, முற்றத்தில் எலுமிச்சம்புல் ஒரு தூர் வளர்ந்திருந்தது. நமக்கு வைத்த மீன் குழம்பில் அரத்தை மணந்தது. தங்கை அதை மருந்துக் குழம்பு என்று ஏசிக்கொண்டே உண்டார்.

மகன் வீட்டிலும் ஒரு மாற்றம் நின்றுவிட்டது. மருமகளுக்கு இரவுப் பணி இல்லாத நாள்களில் நால்வரும் ஒரே மேசையில் உண்கிறார்கள். குழம்பும் கறியும் நடுவில் வைக்கப்படுகின்றன. கோடைக் காலத்தில் அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை எட்டரை. அந்நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீங்களா, பாட்டி?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். இவர் என்ன உண்டார் என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் உண்டார்களா என்று கேட்கிறார்.

அன்பார்ந்த குடும்பங்களே, அயல்நாட்டு உணவைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பெரிய வீட்டில் தனியே உண்ணும் முதியோர் இன்று நம் பங்குகளில் எத்தனையோ பேர். ஒரே கூரையின்கீழ் நால்வர் இருந்தும், தொலைக்காட்சி முன்னே ஒருவர், கைப்பேசி முன்னே ஒருவர், அறையில் ஒருவர், அடுக்களையில் நின்றபடியே ஒருவர் என்று உண்ணும் வீடுகளும் பல. அப்பத்தைப் பிட்டபோதுதான் எம்மாவு சீடரின் கண்கள் திறந்தன. வழிநெடுக உரையாடியும் அறியாதவரை உணவு மேசையில் அறிந்தார்கள். நம் வீட்டிலும் நாம் இன்னும் அறியாதவர் ஒருவர் இருக்கலாம்.

நாளுக்கு ஒரு வேளையேனும் குழம்புச் சட்டியை நடுவில் வையுங்கள். மீனின் நடுத்துண்டு யாருடைய தட்டுக்குப் போகிறது என்று கவனியுங்கள். சமைத்தவர் அமர்ந்தாரா, பாத்திரம் துலக்குபவர் உண்டாரா என்று பாருங்கள். அடுத்த வீட்டில் தனியே இருக்கும் பாட்டியிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "ஆச்சு" என்ற விடையோடு நகர்ந்துவிடாமல், என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள்.